மாப்பிள்ளை வாராக

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் டாக்டர்களே, உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள், முப்பத்திரண்டு வருடத்தில் நான் பிழைக்க வைத்த மாடுகளைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கதைகளைச் சொல்ல உங்களுக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். நான் கெடுத்த கதை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற நாலு வருடம் இருக்கும்போது, இனி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிரில் இருந்த காலத்தில் நடந்தது. ஒரு குதிரையிடம் பொய் சொன்னேன்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

கல்லல் பக்கம் எனக்குக் கால்நடை மருந்தகம். மாடு, ஆடு, கோழி, பொங்கல் வந்தால் போட்டிக்காளை. குதிரை என்று பார்த்தால் என் எல்லைக்குள் ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக் குதிரை, பெயர் மல்லிகா. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வருவது. அதை வைத்திருந்தவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. மேடையில் தன் பேச்சு அடிபட்டது தெரிந்தால் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

கல்யாணக் குதிரை வைப்பது அவருடைய மாமனார் செய்த தொழில். மாமனாருக்குப் பிறகு கணவர் சிங்கப்பூருக்குச் சமையல் வேலைக்குப் போனார். போகும்போது, குதிரை வேலையெல்லாம் ஒரு பொம்பளை பார்க்கிற வேலையா, இருப்பதை விற்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் விற்கவில்லை. அது மட்டுமா, பழைய குதிரை வயதாகிச் செத்ததும் மல்லிகாவை வாங்கினார். அதுவும் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய குதிரை. வண்டிப் பந்தயத்தில் ஓடிச் சவுக்கடி வாங்கி வாங்கி, ஆள் நிழல் பட்டாலே பின்னங்காலைத் தூக்கும். அதன் முதுகில் ஓர் ஆள் உட்கார ஒரு வருடம் ஆயிற்று. ஒரு வருடமும் அடியில்லை, அதட்டலில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பெரிய டாக்டருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு அதில் கால்வாசிகூட இல்லை.

அவர்களுக்குள் ஒரு சொல் இருந்தது. கல்யாண வாசலில் நாதசுரம், தவில், தலைக்கு மேல் கேமரா பறக்கிற இரைச்சல், இத்தனைக்கும் நடுவே மாப்பிள்ளை ஏறுவதற்கு முக்காலி போடுவார்கள். அப்போது அந்த அம்மா குதிரையின் காதுக்குக் கிட்டே போய், "மாப்பிள்ளை வாராக" என்று மெதுவாகச் சொல்வார். மல்லிகா நாலு காலையும் ஊன்றித் தலையைத் தாழ்த்திக்கொள்ளும். மாப்பிள்ளை எத்தனை கனமாக இருந்தாலும், எத்தனை முறை வழுக்கி வழுக்கி ஏறினாலும் அசையாது. நானே இரண்டு கல்யாணத்தில் பார்த்து அசந்து போயிருக்கிறேன். அதில் மந்திரம் எதுவும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்ன ஒரு தடவைகூட அதற்குக் கெடுதல் நடந்ததில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆவணி மாதம் ஒருநாள் காலையில் போன் வந்தது. "சார், மல்லிகா காலு ஊண்ட மாட்டேங்குது. பந்தல் ஆணி ஏறியிருக்கு. புடுங்கிட்டேன், உப்புத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். செத்த வாரீகளா?"

போனேன். குளம்பின் அடியில் ஆழமாகத்தான் இறங்கியிருந்தது. குதிரைக்கு ஆணி குத்தினால் என்ன பயப்பட வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ரணஜன்னிக்கு, அதான் டெட்டனஸுக்கு, ஊசி போட்டாக வேண்டும், புண் சீழ் பிடிக்காமல் இருக்கத் தொடர்ந்து ஐந்து நாள் வேறு ஊசி. நான் பையைத் திறந்த சத்தத்திலேயே மல்லிகா வேப்பமரத்தைச் சுற்றிக் கயிறு முழுக்க இழுத்துக்கொண்டு போய் நின்றது.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்," என்றார் அந்த அம்மா. "நான் பேசிப் பாக்குறேன். அதுக்கு ஊசி புதுசு. கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பழக்கிட்டா நிக்கும்."

"உங்க குதிரைகூட உக்காந்து பேச எனக்கு நேரமில்லம்மா. பதினோரு மணிக்குத் தடுப்பூசி முகாம் இருக்கு."

"சரி, இருங்க. கொள்ளு ஊறப்போட்டிருக்கேன், எடுத்துட்டு வந்துர்றேன்." வீட்டுக்குப் பின்னால் போனார்.

நானும் குதிரையும் மட்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவர் சொல்கிற அதே குரலில், "மாப்பிள்ளை வாராக" என்றேன்.

மல்லிகா நாலு காலையும் ஊன்றிற்று. வலிக்கிற காலையும் சேர்த்து ஊன்றிற்று. தலையைத் தாழ்த்திற்று. நான் கழுத்தில் குத்தி மருந்தை ஏற்றிவிட்டேன்.

அந்த அம்மா கொள்ளுத் தட்டோடு வந்தபோது நான் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பாத்தீகளா, ஒரே நிமிசம்," என்றேன். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டீகளா சார்?" என்று மட்டும் கேட்டார்.

தட்டைக் கீழே வைத்தார். மல்லிகா அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் நேரத்துக்கு முகாமுக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் நாள் அதே சொல்லைச் சொன்னேன். கால் ஊன்றியது, உடம்பு மட்டும் நடுங்கியது. மூன்றாம் நாள் சொல்லைக் கேட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு ஆட்களை வைத்துக் கட்டித்தான் போட்டேன். அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். புண் ஆறியது. ஏட்டில் 'குணமடைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆவணிக் கடைசியில் நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணம். அந்த வீட்டு மாடுகளுக்கு நான்தான் வைத்தியம் என்பதால் எனக்கும் பத்திரிகை வந்தது. காலை வேளை. பிள்ளையார் கோவிலில் கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வந்து நின்றார். முக்காலி போட்டார்கள். அந்த அம்மா காதருகே போய்ச் சொன்னார்.

மல்லிகாவின் கழுத்தில், நான் ஊசி குத்திய இடத்திலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி உடம்பு முழுக்க ஓடியதை நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த நொடி முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. மாப்பிள்ளை ஒரு காலைச் சேணத்தின் கால்வளையத்தில் வைத்திருந்தார். இடுப்பைப் பிடித்து ஆட்கள் இழுத்ததால் தப்பித்தார், தலைப்பாகை உருண்டு போனது. மல்லிகா ஒரு பெரிய வீட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றது. மாப்பிள்ளை காரில் போனார்.

"என்னத்தா ஆச்சு உங் குதிரைக்கு?" என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். கோபத்தைவிட அதிர்ச்சிதான் அவர்களுக்கு அதிகம்.

அந்த அம்மா என் பக்கம் கையை நீட்டியிருக்கலாம். நான் அங்கேதான் நன்னாரி சர்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "தப்பு எம்மேலதான். முழுசா நல்லாகாததக் கூட்டியாந்துட்டேன்," என்றார். சேணத்தை அங்கேயே அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, குதிரையை முன்னால் நடக்க விட்டு, பின்னாலேயே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடச் சர்வீஸில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

மறுநாள் காலையில் போய் மன்னிப்புக் கேட்டேன். கூட்டிக்கொண்டிருந்த தொழுவத்தை முழுக்கக் கூட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? நான் போட்ட சொல்லத்தான நீங்க எடுத்தீக. ஏமாந்தது அது. அதுகிட்டக் கேளுங்க."

"எப்பிடிம்மா கேக்குறது?"

"வாங்க. தெனம் வாங்க. பையில்லாம சும்மா வாங்க."

தினம் வரச் சொன்ன அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஊர்வல வீடியோவை யாரோ சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர், தீபாவளிக்கு வரும்போது தரகரைக் கையோடு கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைத் தள்ளிவிட்ட குதிரையைத் தரகர் எங்கே கொண்டு போவார், அது அங்கே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இடையில் ஒரே ஒரு கல்யாணம் பாக்கி. ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தி, வலையபட்டியில். புரட்டாசி முழுக்க முகூர்த்தம் கிடையாது. ஆக எங்கள் கையில் ஒரு மாதமும் சொச்சமும் இருந்தது.

வலையபட்டி வீட்டு ஆச்சி, மாப்பிள்ளையின் தாயார், அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை நானும் போனேன். "நேமத்தான்பட்டியில நடந்ததக் கேள்விப்பட்டேன். குதிரை நிக்குமா நிக்காதா? ஒரே சொல்லாச் சொல்லு," என்றார்.

"இன்னைக்கு நிக்காது ஆச்சி. ஐப்பசியில நிக்கும்னு நெனைக்கிறேன்," என்றார் இவர். வேறு யாராக இருந்தாலும் சத்தியம் செய்து கொடுத்திருப்பார்கள்.

நான் குறுக்கே புகுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். முகாம், ஊசி, சொல், சர்பத் முதல்கொண்டு. ஆச்சி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்ச ஆளுதான நீக?" என்றார். கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். "சரி. வாசல்ல காரும் நிக்கும், குதிரையும் நிக்கட்டும். அன்னைக்கு நீகளும் வந்து பக்கத்துல நில்லுங்க, டாக்டரே. விழுந்தா உங்க மேல விழட்டும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் பாடம் தொடங்கியது. என் மோட்டார் சைக்கிள் சத்தம் அதற்கு ஊசிச் சத்தம், அதனால் சைக்கிள். பேண்ட் வேண்டாம், வேட்டி. ஸ்பிரிட் வாடை போக இரண்டு தடவை குளித்துவிட்டு வர வேண்டும். வந்து என்ன செய்ய வேண்டும்? வேலிக்கு வெளியே, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேசாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரம்.

"இதென்னம்மா வேலை?" என்று இரண்டாம் நாளே கேட்டேன்.

"இதுதான் வேல. அது உங்ககிட்ட வரணும். நீங்க அதுகிட்டப் போகக்கூடாது."

ஐந்தாம் நாள், பின்னால் காலடிச் சத்தம் கிட்டே வந்து நின்றதைக் கேட்டு, ஆசை தாங்காமல் திரும்பி ஓர் எட்டு வைத்தேன். மல்லிகா கொட்டகையின் கடைசி மூலைக்குப் போய்விட்டது. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க எட்டு வைக்கலன்னா இந்நேரம் அது வச்சிருக்கும். அஞ்சு நாளு போச்சா? நாளைக்கு மறுபடி ஒண்ணுலருந்து."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு அரசாங்க டாக்டரைக் காலங்காத்தாலே முதுகு காட்டி நிற்க வைத்து, அதற்கு மேல் திட்டவும் செய்தால்? சைக்கிளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டேன். பாதி வழியில் அந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வந்தது, அவர் கேட்டு நான் கொடுக்காத ஒரு மணி நேரம். ரணஜன்னி ஊசி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டிருந்தால் அந்தக் குதிரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முகாமும் ஓடிப்போயிருக்காது, ஆட்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். அவசரம் எனக்கு. அதைக் குதிரையின் அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் கட்டிப்போடக் கயிற்றைக் கையில் எடுக்கும்போது, இந்த அவசரம் யாருடையது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சாகப்போகிற மாடு என்றால் கேட்க வேண்டாம், கட்டிப்போட்டுக் காப்பாற்றுங்கள். மற்ற நேரத்தில் கேளுங்கள். மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி, தள்ளிப் போவதைப் பற்றித்தான். மல்லிகா காதை என் பக்கம் திருப்பினால் நான் ஓர் அடி தள்ளிப் போக வேண்டும். தலையைத் தாழ்த்தி வாயை மென்றால் இரண்டடி தள்ளிப் போக வேண்டும். கிட்டே வரும்போதுதானே தடவிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"தடவுறது நமக்குப் பிடிக்கும் சார். பயந்துபோன சீவனுக்கு நம்ம செய்யிற பெரிய சீரு, கேக்காமலே தள்ளிப் போறதுதான்."

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், அதற்குள் வேலிக்கு உள்ளே நிற்க அனுமதி கிடைத்திருந்தது, நின்றிருந்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு. என் கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. ஈரமான மூக்கு என் காதைத் தொட்டது, தோளைத் தொட்டது, அங்கேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், குளித்த தலை காயாமல், ஒரு தொழுவத்தில் நின்று அழுதேன். அந்த அம்மா பார்க்காத மாதிரி சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் சொல்லுக்கு வந்தோம். பழைய சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால் சுலபம் இல்லையா என்றேன்.

"பழைய சொல்லுலதான் ஏமாந்துச்சு. அத அப்பிடியே போட்டுட்டு இன்னொண்ணக் கொண்டாந்தா, இதுலயும் என்னைக்கோ ஒருநா குத்துவாகன்னுதான் நெனைக்கும். அந்தச் சொல்லே நல்லாகணும். கெடுத்தவுக நீங்க, நீங்கதான் சொல்லணும்."

தினம் பத்து தடவை சொன்னேன். சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் தள்ளிப் போனேன். முதலில் சொன்ன மாத்திரத்தில் உடம்பு நடுங்கும். பிறகு காது மட்டும் அசைந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சைக் கேட்ட நாள் நான் மருந்தகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

ஊசிக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும் என்றார். "வலிக்கும் ஆத்தா" என்று சொல்லிவிட்டு, பேனா மூடியால் கழுத்தில் அழுத்தி, உடனே ஒரு கை கொள்ளு. எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வலிக்கும் என்று முன்கூட்டியே சொன்னால் எந்த மிருகம் நிற்கும்?

"சொல்லிட்டுக் குத்துனா, ஒதைச்சாலும் கோவத்துல ஒதைக்கும். சொல்லாமக் குத்துனா பயத்துல ஒதைக்கும். கோவம் ஒரு மணி நேரத்துல போயிரும் சார்," என்றார்.

ரணஜன்னி ஊசியின் அடுத்த தவணைக்கு நாள் வந்தது. அன்று மறைக்காமல் ஊசியைக் காட்டினேன். "வலிக்கும் ஆத்தா" என்றேன். மல்லிகா இரண்டு முறை விலகிப் போயிற்று. இரண்டு முறையும் விட்டுவிட்டோம். மூன்றாவது முறை விலகவில்லை. குத்தும்போது தோல் சிலிர்த்தது, கால் தரையை ஒரு தட்டுத் தட்டியது, நின்றது. கல்லூரியில் இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று நினைத்தேன். எழுதப் படிக்க மட்டும் தெரிந்த ஒரு பெண் ஒரு வேப்பமரத்தடியில் இதைத் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

கடைசி வாரம் முதுகில் ஆள் ஏற வேண்டும். யார் ஏறுவது? நான்தான். என் தொப்பையோடு முக்காலியில் ஏறி, சேணத்தில் படுத்து, புரண்டு, எப்படியோ உட்காருவேன். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "டாக்டருக்கு எந்த ஊருல பொண்ணு எடுத்திருக்கீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னும் அமையல," என்றார் அந்த அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "மொதல்ல குதிரைக்குப் பிடிக்கட்டும்."

வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. "அறுபதாங் கல்யாணத்துக்கு இப்பவே ஒத்திகையா?" என்றாள் என் மனைவி. அவள் அதை இன்றுவரை விடவில்லை.

ஐப்பசி. வலையபட்டி. காலையில் தூறல் விட்டு, தெருவெல்லாம் ஈரம். ஆச்சி சொன்னபடியே வாசலில் ஒரு கார் மாலை போட்டுத் தயாராக நின்றது. நான் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். தவில் தொடங்கியது, தலைக்கு மேல் கேமரா இரைந்தது. மாப்பிள்ளை வந்தார். நேமத்தான்பட்டிக் கதை அவருக்கும் தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மல்லிகா பின்வாங்கியது. இந்த ஒலி, இந்தக் கூட்டம், இந்த முக்காலி. அதற்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கழுத்தில் அந்த நடுக்கம் தொடங்குவதை நான் பார்த்தேன். நாலைந்து பேர் கடிவாளத்தைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். ஆச்சி கார் டிரைவரைப் பார்த்தார்.

"யாரும் பிடிக்காதீக," என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை, ஆனால் தவில்காரர் கையை நிறுத்திவிட்டார். "ஆச்சி, அஞ்சு நிமிசம் குடுங்க." ஆச்சி தலையசைத்தார். அந்த அம்மா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். மல்லிகாவுக்கு முன்னால் தெரு ஊருணிக் கரைவரைக்கும் திறந்து கிடந்தது. கூட்டத்தை அங்குட்டும் இங்குட்டும் விலகச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க சார்."

ஓரடி தள்ளி நின்றேன். மெதுவாக, "மாப்பிள்ளை வாராக," என்றேன்.

மல்லிகா தெருவைப் பார்த்தது. இரண்டடி நடந்தது, மூன்றாவது அடியும் வைத்தது. அந்த அம்மா அசையவில்லை, கூப்பிடவில்லை. குதிரை நின்று, தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பிறகு உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு தானாக நடந்து வந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, நாலு காலையும் ஊன்றி, பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது.

மாப்பிள்ளை ஏறினார். தவில் மறுபடி தொடங்கியது. ஊர்வலம் வலையபட்டித் தெருக்களை ஒரு சுற்று சுற்றி வந்தது, மல்லிகா ஓர் இடத்தில்கூட மிரளவில்லை. ஆச்சி என்னைப் பார்த்து, "கொடுத்து வச்சிருக்கீக டாக்டரே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வீடியோவும் சிங்கப்பூர் போயிற்று. தீபாவளிக்குக் கணவர் வந்தார், தரகர் வரவில்லை.

மத்தியானம், பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஊருணிக் கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் போனேன். மனதில் இருந்ததைக் கேட்டேன். "கயித்தப் போட்டீகளே, அது ஓடியிருந்தா?"

"ஓடியிருந்தா வித்திருப்பாக," என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. அவரும் பயந்துதான் இருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "ஆனா பிடிச்சு வச்சிருந்தம்னா, அது நின்னுச்சா, நம்ம நிக்க வச்சமான்னு நமக்கே தெரியாமப் போயிருக்கும்ல சார்."

இப்படி ஒரு ஆளைக் கையெடுத்துக் கும்பிடாமல் என்ன செய்வது? கும்பிட்டேன். ரொம்ப நன்றிம்மா, நான் செய்த தப்பு சரியாகிவிட்டது, இனி உங்களைக் காலங்காத்தாலே தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"நாளைக்கு வர மாட்டீகளா?"

"அதான் வேலை முடிஞ்சிருச்சே."

"நமக்கு முடிஞ்சிருச்சு," என்றார். "அதுக்கு யாரு சொல்றது? ஆறு மணிக்கு வேலிக்கிட்ட வந்து நிக்குமே."

மறுநாள் மழை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர ஆறே கால் ஆகிவிட்டது. நின்றுகொண்டிருந்தது.